தீ மிதிக்கத் தெரிந்த நமக்குத் தீப்புண்ணுக்கு உதவத் தெரிய வேண்டாமா?

திருவிழா மலரில் ஆலயச் செயலாளர் எழுதும் கட்டுரை எப்படி அமையும் என்பதை வாசக அன்பர்கள் நன்கறிவர். தல வரலாறு சில வரிகள், உபயகாரர்களுக்கு நன்றி சில வரிகள், அன்னையின் அருள் அனைவர்க்கும் கிட்டுமாக என்று ஒரு வாழ்த்து. அடியேனும் பல ஆண்டுகளாக அப்படியே எழுதி வந்தவன்தான். இவ்வாண்டு வேறொன்றை எழுத அனுமதி வேண்டுகிறேன். லூமுட் வட்டாரத்து ஆலயங்கள் ஒன்றுகூடி, தீப்புண்ணுக்கு அவசர உதவி செய்வதைப் பிறர்க்குக் கற்றுக்கொடுக்கவல்ல பயிற்றுநர்களை உருவாக்கும் ஒரு பயிற்சியை நடத்த வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்கும் ஆலயத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இருக்கலாம். நம் வழிபாட்டில் தீ இல்லாத இடத்தை அவர்கள்தாம் காட்ட வேண்டும். கற்பூர ஆரத்தி, நெய் விளக்கு, யாக குண்டம், தீச்சட்டி, பூக்குழி என்று சந்நிதியில் தொடங்குகிற தீ, பொங்கல் அடுப்பு, அன்னதானக் கூடத்து அண்டா, கேஸ் தோம்பு, அலங்கார விளக்கு மின்கம்பி, ஜெனரேட்டர் என்று மதிற்சுவர் வரை நீள்கிறது. பட்டுப் புடவையும் செயற்கை இழைத் தாவணியும் உடுத்திய பெண்கள் அகல் விளக்குகளுக்கு நடுவே குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கின்றனர். பெரிதாக ஒன்றும் நேராமல் இருப்பது அவள் கருணையே. அந்தக் கருணையை எத்தனை காலம் சோதிப்பது?

எங்கள் ஆலயத்தில் நடந்ததையே முதலில் சொல்லி விடுகிறேன். பிறர் குறையைச் சொல்வதைவிட நம் குறையைச் சொல்வது எளிது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர், திருவிழாவின் முதல் நாள் மாலை, அன்னதானத்திற்காகக் கொதித்துக்கொண்டிருந்த ரச அண்டாவை இரண்டு இளைஞர்கள் இறக்கினர். பிடிதுணி நழுவியது. ஒருவனுக்குத் தொடையிலிருந்து பாதம் வரை வெந்துவிட்டது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கூடியிருந்தவர்களில் ஒருவர் பற்பசை என்றார். ஒருவர் கிச்சாப்பு ஊற்றுங்கள் என்றார். புளித்த மாவு, முட்டையின் வெள்ளைக்கரு என்று ஆளுக்கொரு வைத்தியம். அந்தக் கூச்சலுக்கு நடுவே சந்நிதிக்கு ஓடி, அம்மனுக்குச் சாத்திய மஞ்சளை ஒரு தாம்பாளம் நிறையக் கொண்டுவந்து, "இதைப் பூசுங்கள், தாய் பார்த்துக்கொள்வாள்" என்று சொன்னவன் வேறு யாருமில்லை, இதை எழுதுகிற நான்தான்.

பூசினார்கள். செயலாளர் சொன்னால் பூச மாட்டார்களா?

மருத்துவமனையில் அவசரப் பிரிவு மருத்துவர் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்குச் சுட்டது? எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள்? முதல் கேள்விக்கு ஆறு, ஆறரை என்று தடுமாறினேன். இரண்டாவது கேள்விக்குப் பதிலே இல்லை. குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது; ஒருவருக்கும் தோன்றவில்லை. புண்ணின் ஆழத்தைக் கண்டறிய வேண்டுமானால் தோலின் நிறம் தெரிய வேண்டும். நாங்கள் பூசியிருந்த மஞ்சளையும் பற்பசையையும் தாதியர் முதலில் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை அப்போது போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அவன் பிழைத்துக்கொண்டான், நன்றாக இருக்கிறான், திருவிழாவிற்குத் தவறாமல் வருகிறான். ஆனால் வேட்டி கட்டுவதில்லை. எப்போதும் நீளக் காற்சட்டைதான்.

மலர்க்கொடியல்ல, தீயின் வரலாறு

நம்மவர்க்குத் தீ கற்பித்த பாடங்கள் குறைவல்ல. 1991-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியதில் 26 பேர் மாண்டதை இந்நாட்டில் ஒரு தலைமுறை மறக்கவில்லை. 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்கை முன்னிட்டு யாகசாலை நடந்துகொண்டிருந்தபோது பந்தல் தீப்பற்றி, நெருக்கடியிலும் நெருப்பிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இராசராச சோழன் எடுப்பித்த கற்கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓலைப் பந்தலின் கீழ் அமர்ந்திருந்தவர்களே மாண்டனர். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் மறைந்தனர். சமையற்கூடத்தில் பிறந்த தீ கூரைக்கு ஏறியது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் விடியலுக்கு முன், கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில் பரவூர் புற்றிங்கல் தேவி ஆலயத்தில் வாணவேடிக்கை வெடிகள் தீப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அண்மையில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், நோன்புப் பெருநாள் விடுமுறையில், சிலாங்கூர் புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் தீப்பற்றியெரிந்தபோது, வீட்டை விட்டு வெறுங்காலுடன் ஓடி வந்த நூற்றுக்கும் மேற்பட்டோர்க்குச் சிகிச்சை தேவைப்பட்டது.

இவை செய்தித்தாளில் வந்தவை. செய்தியாக வராதவை நம் வீடுகளில் இருக்கின்றன. மேசை விரிப்பைப் பிடித்திழுத்து கொதிநீர்க் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட குழந்தை, எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்து முகம் வெந்த மருமகள். இவர்களுக்கு எந்த நினைவு நாளும் இல்லை.

முன்பு தோட்டங்களில் இருந்தபோது நமக்கு ஒரு டிரெசர் இருந்தார். அவரை மருத்துவர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருவார். விறகடுப்பில் சுட்டுக்கொண்டவர்களும், புகைக்கூடத்தில் ரப்பர்ப் பாலைத் தகடாக உலர்த்தும் வேலையில் சுட்டுக்கொண்டவர்களும் அவரிடம்தான் போனார்கள். "எதையும் பூசாதே, அப்படியே வா" என்று அவர் அதட்டியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, மக்கள் சித்தியவான், ஆயர் தாவார், ஸ்ரீ மஞ்சோங் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். மாரியம்மனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். டிரெசரை விட்டுவிட்டு வந்தோம். பக்கத்து வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதே தாமானில் தெரியாத நிலை.

ஒரு நாள் வகுப்பின் கதை

மேற்சொன்ன சம்பவத்திற்குப் பிறகு நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. முதலுதவி வகுப்பு ஒன்றை ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் ஏற்பாடு செய்தோம். நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். குத்துவிளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை போர்த்துதல் ஆகியவை முடியவே காலை பத்தரை ஆகிவிட்டது. பிறகு பயிற்சி, மதிய உணவு, மீண்டும் பயிற்சி, சான்றிதழ், குழுப்படம். படம் பத்திரிகையிலும் வந்தது. எல்லார்க்கும் மன நிறைவு.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நாள் அன்னதானக் கூடத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவர்களிடம், "கொதிநீர் கொட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். சான்றிதழ் பெற்ற தம்பி ஒருவர், ஐஸ் கட்டி வைக்க வேண்டும் என்றார். ஐஸ் கட்டி இரத்த நாளங்களைச் சுருக்கிக் காயத்தை மேலும் ஆழமாக்கும் என்று அந்த வகுப்பிலேயே சொல்லப்பட்டது. அவர் மீது குற்றமில்லை. ஒருமுறை கேட்டது மறந்து போகும். தேவாரம் கற்கும் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பதிகம் பாடிவிடுகிறதா? ஆசிரியர் ஒருவர் வாரந்தோறும் இருப்பதால் அல்லவா பாடுகிறது?

அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. நம் ஆலயங்களில் முதலுதவி கற்றவர்கள் இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் கொடியேற்றத்திற்கு முன்பாகத் தொண்டர்களை உட்கார வைத்து மீண்டும் மீண்டும் கற்றுக்கொடுக்க உள்ளூரிலேயே ஒருவர் இல்லை. வெளியிலிருந்து வருபவர் வருவார், சொல்வார், மாலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். உள்ளூர் ஆள் போக மாட்டார்.

மருத்துவ உலகம் இதனை எப்போதோ உணர்ந்துவிட்டது. 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர், தாமே ஓட்டி வந்த சிறு விமானம் வயல்வெளியில் விழுந்து மனைவியை இழந்தார், பிள்ளைகள் படுகாயமுற்றனர். அவர்களைக் கொண்டுசென்ற சிற்றூர் மருத்துவமனையில், படுகாயத்தை எப்படி எதிர்கொள்வது என்று முறையாக அறிந்தவர் இல்லை. அந்தத் துயரத்தை அவர் புலம்பலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தம் நண்பர்களுடன் சேர்ந்து சிற்றூர் மருத்துவர்களுக்கான ஒரு பயிற்சியை வகுத்தார். 1978-இல் அந்த மாநிலத்திலேயே முதல் வகுப்பு நடந்தது. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. அதே வழியில்தான் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தீப்புண் சங்கத்தினர் 1990-களின் நடுப்பகுதியில், கடுமையான தீப்புண்ணின் முதற்கட்ட அவசரச் சிகிச்சைக்கென ஒருநாள் பயிற்சி ஒன்றை அமைத்தனர். அது பிரிட்டன் முதலிய நாடுகளுக்கும் சென்றது.

அப்பயிற்சியில் என்னைக் கவர்ந்தது, பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும் முறை. பதவியில் பெரியவர் பயிற்றுநர் ஆகிவிட முடியாது. மாணவராக வந்து நன்றாகத் தேறியவர்களில், பொறுமையும் பிறரோடு பழகும் பாங்கும் உள்ளவரைக் கண்டு, நீ கற்பிக்க வா என்று அழைக்கின்றனர். அவர் எப்படிக் கற்பிப்பது என்பதற்கென்றே தனி வகுப்புக்குச் செல்ல வேண்டும். பிறகு மூத்த பயிற்றுநரின் கண்பார்வையில் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். அதன் பின்னரே முழுப் பயிற்றுநர். அது மருத்துவர், தாதியர், மருத்துவ உதவியாளர் ஆகியோர்க்கான பயிற்சி. அன்னதானக் கூடத்துத் தொண்டர்க்கு அதை அப்படியே நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஆனால் பயிற்றுநரை உருவாக்கும் அந்த ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சோங்கில் என்ன செய்யலாம்?

முதற்கட்டமாக ஆறு ஆலயங்கள், ஆலயத்திற்கு இருவர், ஆகப் பன்னிருவர் போதும். இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். அடுப்படியில் நிற்பவர் யார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் யார் என்று பார்த்தால் காரணம் விளங்கும். தலைவரின் மைத்துனர், பொருளாளரின் மகன் என்று பட்டியல் அனுப்புகிற பழக்கத்தை இதில் மட்டுமாவது விட்டுவிடுவோம். அரைமணி நேரம் ஒரு பாட்டியிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவரே தேவை.

கற்பிப்பவர்க்கு நாம் அலைய வேண்டியதில்லை. ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை நம் பக்கத்தில் இருக்கிறது. அங்கும் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும் பணியாற்றுகிற, பணியாற்றி ஓய்வுபெற்ற நம் இனத்துத் தாதியரும் மருத்துவ உதவியாளரும் எத்தனை பேர்! முறையாக அந்தந்த நிர்வாகத்திற்கு எழுதிக் கேட்டால் வழி பிறக்கும். லூமுட்டுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. இது கடற்படையின் ஊர். கடற்படைத் தளமும் அதன் பயிற்சி மையமும் ஆயுதப்படை மருத்துவமனையும் இங்கே இருக்கின்றன. கப்பலில் தீப்பிடித்தால் போம்பா வண்டி வராது. இருக்கிறவனே அணைக்க வேண்டும், இருக்கிறவனே காயத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பயிற்சி பெற்று ஓய்வுபெற்றவர்கள் நம் ஆலயங்களில் பிரகாரத்தைச் சுற்றி வந்து அமைதியாகப் போய்விடுகிறார்கள். நாமும் அவர்களைத் தேர்வடம் பிடிக்க மட்டுமே அழைக்கிறோம்.

பயிற்சி இரண்டு நாள். முதல் நாள் தீப்புண்ணைப் பற்றி, இரண்டாம் நாள் கற்பிப்பதைப் பற்றி. இரண்டாம் நாளே முக்கியமானது. செய்முறை ஒன்றைக் கற்பிக்க மருத்துவப் பயிற்சிகளில் நான்கு படிகள் வைத்திருக்கின்றனர். பயிற்றுநர் முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவார். இரண்டாம் முறை விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வார். மூன்றாம் முறை மாணவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்வார். நான்காம் முறை மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் உறுமி மேளக்காரர்கள் பையன்களுக்கு அடி சொல்லிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படித்தான். அதே வகுப்புகளில், ஒருவர்க்கு வர்ணம் பூசிக் காயம்பட்டவர்போல் அலற வைத்து, மாணவர்களை உள்ளே அனுப்புவதும் உண்டு. நம் ஊரில் நாடகக்காரர்களுக்குப் பஞ்சமில்லை.

கற்பிக்க வேண்டிய செய்தியோ மிகச் சுருக்கமானது. தீப்பற்றியவரை ஓட விடாமல் தரையில் உருட்டித் தீயை அணைத்தல். மின்சாரமென்றால் முதலில் மின்னோட்டத்தை நிறுத்துதல். பிறகு தண்ணீர். ஓடுகிற குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் விட வேண்டும். மூன்று மணி நேரம் கழிந்துவிடவில்லையென்றால் தாமதமாகவேனும் தண்ணீர் விடுவது பயன் தரும். வளையல், மோதிரம், மெட்டி, காப்பு ஆகியவற்றை வீக்கம் வருவதற்கு முன் கழற்ற வேண்டும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. தண்ணீர் விட்ட பின் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ தூய துணியையோ மேலே விரித்து மூட வேண்டும். இறுகச் சுற்றக் கூடாது. காயம் குளிர வேண்டும், ஆள் குளிரக் கூடாது. குழந்தைகளையும் முதியவர்களையும் போர்த்தி வைக்க வேண்டும். ஒருவர் 999-ஐ அழைக்க, இன்னொருவர் மணியைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

மணி எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். பெரிய தீப்புண்ணில் உடம்பின் நீர் இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து போய்க்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட ஏற்றும் நீரின் அளவை மருத்துவர் கணக்கிடுவது சுட்ட நேரத்திலிருந்து. மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அன்று. அளவைச் சொல்லவும் எளிய வழி உண்டு. காயம்பட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. எத்தனை கை அளவு வெந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொல்ல முடிந்தால் மறுமுனையில் இருப்பவர் அதற்கேற்ப ஏற்பாடு செய்வார்.

இவ்வளவும் நம் வட்டாரத்திற்கு ஏன் அவசரம் என்றால், தொலைவு. கடுமையான தீப்புண்ணென்றால் இங்கிருந்து ஈப்போவிற்கே சுமார் 80 கிலோமீட்டர். அதற்கும் அப்பால் தலைநகர்ப் பக்கம் அனுப்ப நேர்ந்தாலும் நேரலாம். மாசி மகத்தன்று பங்கோர்த் தீவின் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்தில் கூடுகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒருவர்க்குப் பெரிய காயமென்றால் கடலைத் தாண்டித்தான் கரைக்கு வர வேண்டும். அந்த முதல் ஒரு மணி நேரம் மருத்துவரின் கையில் இல்லை. பக்கத்தில் நிற்கிற நம் கையில் இருக்கிறது.

பூக்குழி பற்றி

இனி எழுதப்போவதைச் சிலர் ஏற்க மாட்டார்கள். தீமிதித் திருவிழாவில் காலில் சுட்டுக்கொண்டவர் அதை மறைக்கிறார். விரதம் பிசகியவனுக்கே சுடும் என்ற பேச்சு நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. வலியைவிட அந்தப் பேச்சு அவரைக் கூடுதலாகச் சுடுகிறது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். புண் சீழ்பிடித்த பிறகே மருத்துவமனைக்கு வருகிறார். நீரிழிவு நோயாளியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்கு நீரிழிவு. இந்தியரிடையே அது மேலும் கூடுதல். நீண்ட நாள் நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடுகிறது. சுடுவது தெரியாது. தெரியாமல் போனதை அருள் என்று எண்ணிக்கொள்வார். ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போகும்.

ஆகவே காப்புக் கட்டும்போதே, பயிற்றுநர் ஒருவர் தனியாக அழைத்து, சர்க்கரை வியாதி உண்டா, காலில் மரமரப்பு உண்டா என்று கேட்க வேண்டும். உண்டென்றால், அம்மா, நீங்கள் இவ்வாண்டு பால்குடம் எடுங்கள் என்று சொல்லும் உரிமையை நிர்வாகம் அவர்க்குக் கொடுக்க வேண்டும். பூக்குழியைத் தாண்டியதும் தண்ணீர்க் குழாயும் ஒரு திரைமறைவும் இருக்க வேண்டும். யார் போனார் என்று எவரும் பார்க்கக் கூடாது.

திருநாவுக்கரசரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்தும் அவர் திருமேனியில் ஒரு கொப்புளமும் எழவில்லையே என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். உண்மை. அவர் நாவுக்கரசர். நாம் அன்னதானத்தில் வடைக்குச் சண்டை போடுகிறவர்கள். அதே நாவுக்கரசரின் பெயரால் திங்களூரில் அப்பூதியடிகள் என்ன செய்தார் என்பதையும் அந்தப் பெரியவர்க்கு நினைவூட்டினேன். தண்ணீர்ப் பந்தல் வைத்தார். வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பது அறமென்றால் நெருப்பில் வெந்தவனுக்குக் கொடுப்பது என்ன? அவர் பதில் சொல்லாமல் விபூதி பூசிக்கொண்டு போனார். மறுநாள் வந்து, என் பேத்தியைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார்.

அம்மன் மஞ்சளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லையேல் அடியேன் நாத்திகம் பேசுவதாகச் செய்தி பரவிவிடும். மஞ்சளை நெற்றியில் இடுங்கள். தீர்த்தத்தைப் பருகக் கொடுப்பதென்றால் மருத்துவர் அனுமதித்த பிறகு கொடுங்கள். புண்ணின் மேல் மட்டும் வேண்டாம்.

உபயகாரர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் உபயம் இருக்கிறது. மேளத்திற்கு, பூ அலங்காரத்திற்கு, வாணவேடிக்கைக்கு, வெளியூர்ப் பாடகர்க்கு என்று நம்மவர் கொடுக்கத் தயங்குவதேயில்லை. இரண்டு நாள் பயிற்சிக்குத் தேவையானவை ஆலய மண்டபம், உணவு, பயிற்சிப் பொருள்கள், வருகிறவர்களின் போக்குவரத்து. வாணவேடிக்கைக்கு ஓர் இரவில் செலவிடுவதைவிடக் கூடுதலாகாது. "பயிற்றுநர் பயிற்சி உபயம்" என்று திருவிழா அழைப்பிதழில் மற்ற உபயங்களுக்கு இணையாக அச்சிட எங்கள் செயலவை ஒப்புக்கொண்டிருக்கிறது. சுற்றுவட்டார ஆலயங்களின் செயலாளர்களுக்கு மடல் எழுதத் தொடங்கியுள்ளேன். இரண்டு ஆலயங்கள் இசைந்துள்ளன. ஓர் ஆலயத்தார், முதலில் யார் தலைமை என்று முடிவாகட்டும் என்று எழுதியுள்ளனர். அவர்களுக்கு நானே தலைமையை விட்டுக்கொடுக்கிறேன். இரண்டு பேரை அனுப்பினால் சரி.

எங்களால் உடனே செய்ய முடிந்தது ஒன்றுதான். அன்னதானக் கூடத்தின் பின்புறம், இடுப்பளவு உயரத்தில் நீண்ட ரப்பர்க் குழாயுடன் ஒரு தண்ணீர்க் குழாய் வைத்து, கீழே உட்காரக் கல் பெஞ்சு போட்டிருக்கிறோம். அதன் மேல் ஒரு சுவர்க் கடிகாரம். வலியில் துடிக்கிறவன் பக்கத்தில் நிற்கும்போது ஐந்து நிமிடமே இருபது நிமிடமாகத் தோன்றும், அதற்காகத்தான். கடிகாரம் வாங்கித் தந்த அன்பர் தம் தாயார் பெயரை அதில் எழுதக் கேட்டார். முகப்பில் எழுதினால் முள் தெரியாது, ஐயா என்று சொல்லி, அதற்குக் கீழே சுவரில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.